போட்டி இருக்கட்டும், பட்டியல் வெளியே போகவேண்டாம்

அல்கோர் அரிசோனாவில், கிரையோனிக்ஸ் இன்ஸ்டிடியூட் மிச்சிகனில். பின்னாளில் உயிர்ப்பிக்கலாம் என்ற நம்பிக்கையில் இறந்தவர் உடலைக் கடுங்குளிரில் பாதுகாக்கும் அமெரிக்க அமைப்புகள் இவை. உறுப்பினர் சேர்ப்பதில் போட்டி போடட்டும், தப்பே இல்லை. ஆனால் ஓர் உறுப்பினரின் மரணம் சட்டப்படி அறிவிக்கப்பட்ட பிறகு, பக்கத்தில் எந்த அமைப்பின் குழு இருக்கிறதோ அதுதான் ஓடணும். ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து தாமதமானால் ரத்தம் கட்டி நுண்குழாய்கள் அடைத்துக்கொள்ளும். பனி உருவாகாமல் தடுக்கும் கரைசல் போய்ச்சேராத மூளைப் பகுதியில் பனிப்படிகம் விழும்.

இதற்காக உறுப்பினர் பட்டியலையே கைமாற்ற வேண்டியதில்லை. முன்பே கையெழுத்தான ஒப்புதல், உறுப்பினர் எண், 24 மணிநேரத் தொலைபேசி போதும். பெயரும் நோயும் அழைப்பு வந்தபிறகுதான்.

உடலைக் குளிர்விக்கும்போது எடுத்த நிமிடவாரி வெப்பநிலைப் பதிவை மட்டும் தாராளமாகப் பகிருங்கள், எல்லாருக்கும் பாடம். பெயரை அடித்தால் மட்டும் போதாது. தேதி, ஊர், வயது மூன்றும் சேர்ந்தாலே இரங்கல் செய்தியோடு ஒப்பிட்டு ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். தேதியை எடுத்துவிட்டு, மரண அறிவிப்பு நேரத்தைப் பூஜ்ஜியமாக வைத்து நிமிடங்களை எண்ணுங்கள்.