சாவியை எடுத்தும் நிற்காத பென்ஸ்

சாவி என் கையில் இருக்கிறது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. டீசல் போட வந்த பங்க் பையன் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஆஃப் பண்ணுங்க சார்” என்றான். “பண்ணிட்டேன் தம்பி” என்று சாவியை ஆட்டிக் காட்டினேன். அவன் நம்பவில்லை. பின்னால் ஒரு லாரிக்காரர் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார். கடைசியில் நாலாவது கியரைப் போட்டு, பிரேக்கை இறுக்க மிதித்துக்கொண்டு கிளட்சை விட்டேன். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அடங்கியது. வாங்கி அன்றைக்கு ஒன்பதாவது நாள்.

வண்டி 1982 மெர்சிடிஸ் 240டி. டபிள்யூ123 என்று சொல்லும் வரிசை. 1976-ல் வந்து பத்து வருடத்தில் 27 லட்சம் வண்டிகள் போல செய்திருக்கிறார்கள். ஜெர்மனியில் எங்கே பார்த்தாலும் டாக்சி இதுதானாக இருந்த காலம் உண்டு. ஆனால் நம் ஊரில் அப்போது இதை வைத்திருந்தவர் பணக்காரர் என்று அர்த்தம். இங்கிலாந்தில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு டாக்டர் கப்பலில் கொண்டுவந்த வண்டி, கோவையில் இரண்டு கை மாறி, 2023 நவம்பரில் 2,75,000 ரூபாய்க்கு என்னிடம் வந்தது. வலது பக்க ஸ்டீயரிங். மீட்டர் மட்டும் மைல் கணக்கு. முள் 40-ல் நிற்கும்போது பக்கத்தில் உட்கார்ந்த என் மாமனார் “ஏன் மாப்ளே இவ்வளவு மெதுவா?” என்பார். அது மணிக்கு 64 கிலோமீட்டர் என்று ஒவ்வொரு தடவையும் விளக்க வேண்டும்.

நான் மெக்கானிக் இல்லை. மோட்டார் பம்ப் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன். ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் எல்லாம் பழைய ஸ்கூட்டரோடு சரி.

முதலில் நிற்காத கதை. பெட்ரோல் வண்டியில் சாவியைத் திருப்பினால் பிளக்கில் பொறி வராது, இன்ஜின் நின்றுவிடும். டீசலில் பொறியே கிடையாது. டீசல் போவதை நிறுத்தினால்தான் நிற்கும். பழைய லாரிகளில் டிரைவர் ஒரு கம்பியை இழுத்து நிறுத்துவார், பார்த்திருப்பீர்கள். இந்த வண்டியில் அந்த வேலையை வேக்கம், அதாவது காற்றை உறிஞ்சி எடுப்பதால் வரும் இழுவை, செய்கிறது. இன்ஜின் முன்பக்கம் ஒரு வேக்கம் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். சாவிக்குப் பின்னால் ஒரு சின்ன வால்வு. சாவியை அணைத்தால் வால்வு திறந்து, மெல்லிய பழுப்புக் குழாய் வழியாக வேக்கம் போய் சிலிண்டருக்கு டீசல் அனுப்பும் பம்ப்பில் உள்ள ஒரு டயாஃப்ரத்தை, அதாவது ரப்பர் சவ்வை, இழுக்கும். டீசல் அடைபடும். வேக்கம் பத்தவில்லை என்றால் சாவி வெறும் அலங்காரம்தான்.

இதற்கு ஜெர்மன்காரன் ஒரு மாற்று வழியும் வைத்திருக்கிறான். பானெட்டைத் திறந்தால் இன்ஜின் மேல் ‘ஸ்டாப்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய ஒரு லீவர் இருக்கும். அதை அமுக்கினால் நிற்கும். இது தெரிந்த பிறகு எங்கே போனாலும் இறங்கி, பானெட்டைத் தூக்கி, ஸ்டாப்பை அமுக்குவது வழக்கமாகிவிட்டது. எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் அண்ணன் இரண்டே நாளில் கற்றுக்கொண்டார். நான் உள்ளே நுழைந்ததும், “நீங்க உக்காருங்க சார், நான் அமுக்கறனுங்க” என்று ஓடி வருவார்.

இதற்கு நடுவில் காலையில் ஸ்டார்ட் ஆகாத பிரச்சினை வேறு. டிசம்பர் குளிருக்கு மூன்று கிராங்க், வெள்ளைப் புகை, ஒரு காலில் நொண்டுவது மாதிரி ஒரு நிமிஷ ஓட்டம், அப்புறம்தான் சீராகும். டீசல் பம்ப் சர்வீஸ் செய்யும் ஒரு கடைக்குப் போனேன். பார்த்த மாத்திரத்தில், “பம்ப்பையும் நாசிலையும் கழட்டணும், 28,000 ஆகும். நிக்காததுக்கு ஒரு ஸ்டாப் கேபிள் போட்டு உள்ள இழுத்து விட்டுர்லாம் தம்பி” என்றார். கேபிள் யோசனை தப்பில்லை, லாரிக்கு. டேஷ்போர்டில் ஓட்டை போட மனசு வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பினேன்.

அன்று ராத்திரி மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு குளோ பிளக்கை அளந்தேன். குளிரில் ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்குவது அதுதான். நாலு சிலிண்டருக்கு நாலு. ஒவ்வொன்றும் ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். மூன்று காட்டின. மூன்றாவது சிலிண்டரில் இருந்தது மட்டும் செத்துப் போயிருந்தது. அதை மாற்றியதில் முக்கால்வாசி சரியானது. மீதியை இன்ஜின் வால்வுகளின் கிளியரன்ஸில், அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் பாகத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியில், பிடித்தேன். இந்த இன்ஜினில் வால்வு இடைவெளியைக் கையால்தான் வைக்க வேண்டும்: குளிர்ந்த நிலையில் காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வுக்கு 0.10 மில்லிமீட்டர், புகை வெளியே போகும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.30. ஓட ஓட இது கூடாது, குறையும். நாளானால் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் போகும். பழைய ஸ்கூட்டர் புத்தியில் ‘டக்டக்’ சத்தம் வந்தால்தான் டேப்பட், அதாவது இந்த இடைவெளி, பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். இங்கே சத்தமே இல்லாமல் இருப்பதுதான் சந்தேகம். என் வண்டியில் இரண்டு எக்ஸாஸ்ட் வால்வில் 0.15 அளவுத் தகடே இறுக்கமாகப் போனது. வளைந்த 14 ஸ்பேனர் இரண்டு வேண்டும். கடையில் கிடைக்காமல், லேத் பட்டறையில் சாதா ஸ்பேனரைக் காய்ச்சி வளைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது, முட்டி இரண்டு இடத்தில் தோல் உரிந்தது. திங்கட்கிழமை காலை அரைச் சுற்றில் பிடித்தது. பம்ப்பை யாரும் தொடவில்லை.

இந்தத் தெம்பில் வேக்கத்தில் கை வைத்து ஏமாந்தேன். ரப்பர் இணைப்புகள் எல்லாம் அப்பளம் மாதிரி வெடித்திருந்தன. நாற்பது வருட ரப்பர், அதைக் குறை சொல்ல முடியாது. சரியான அளவு கிடைக்காமல் சைக்கிள் வால்வு டியூப்பை வெட்டிச் சொருகினேன். அளவு அளந்து செய்தது போல உட்கார்ந்தது. அன்று சாவியைத் திருப்பியதும் வண்டி நின்றது. வாட்ச்மேன் அண்ணன் முகம் வாடிவிட்டது. பதினோரு நாள் கழித்து மறுபடி பழைய குருடி. பிரித்துப் பார்த்தால் இன்ஜின் சூட்டில் டியூப் பிசுபிசுவென்று உருகின மாதிரி ஒட்டிக் கிடந்தது. ஆயில் தாங்கும் ரப்பர் குழாய் வாங்கி எல்லா இணைப்பையும் மாற்றினேன். அப்போதும் நிற்கவில்லை.

இந்த இடத்தில்தான் கேபிள் போட்டிருப்பேன். காப்பாற்றியது மழை. ஜனவரி முதல் வாரம், காந்திபுரத்தில் வண்டியை ஓரம் கட்டிக் காத்திருந்தோம். கூட்டம் நெருக்கவும் என் மனைவி, “ஏங்க, கதவைப் பூட்டுங்க” என்றாள். டிரைவர் கதவுக் குமிழை அமுக்கினேன். வழக்கம் போல மற்ற கதவுகளில் ‘ஸ்ஸ்... டொக்’. சும்மா சாவியையும் திருப்பிப் பார்த்தேன். இன்ஜின் பட்டென்று நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்து, குமிழைத் தூக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். நிற்கவில்லை. குமிழை அமுக்கினேன், நின்றது. நாலு தடவை செய்தேன். “மழைல என்ன விளையாட்டு?” என்றாள்.

விளையாட்டில்லை. இந்த வண்டியின் சென்ட்ரல் லாக்கும் அதே வேக்கத்தில்தான் ஓடுகிறது. பூட்ட ஒரு குழாய், திறக்க ஒரு குழாய். பூட்டிய நிலையில் இன்ஜின் நிற்கிறது, திறந்த நிலையில் நிற்கவில்லை என்றால் திறக்கும் பக்கம் எங்கோ ஒழுகுகிறது. அந்த ஒழுகல் வேக்கத்தைக் குடித்துவிட, டீசலை அடைக்க மிச்சம் இல்லை. நான் இரண்டு மாதமாக இன்ஜினுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கையால் அமுக்கும் வேக்கம் பம்ப் ஒன்றைக் கேஜோடு இரவல் வாங்கினேன். முதலில் பழுப்புக் குழாயில் வைத்தேன். டயாஃப்ரம் இழுத்தது, முள் அசையாமல் நின்றது. அங்கே குற்றமில்லை. லாக்குக்குப் போகும் மஞ்சள் குழாயைக் கழற்றி வாயில் ஒரு ஸ்க்ரூவைச் சொருகினேன். இன்ஜின் ஒழுங்காக நின்றது. அப்புறம் கதவு கதவாக. இடது பின்கதவில் எவ்வளவு அமுக்கினாலும் முள் எழும்பவே இல்லை. கதவு அட்டையைக் கழற்றினேன். நாற்பது வருடத் தூசி, ஒரு ஐந்து பைசா, ஆங்கிலச் சாக்லேட் தாள் ஒன்று. பூட்டை இயக்கும் வேக்கம் யூனிட்டைக் கழற்றி விரலால் தடவியபோது டயாஃப்ரத்தின் ஓரத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கிழிசல். வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரிந்தது.

உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் கிடைக்கவில்லை. சென்னை புதுப்பேட்டையில் ஒரு பழைய யூனிட் கிடைத்தது, அதுவும் கிழிந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். பொருளின் விலையைவிடத் தபாலும் சுங்கமும் அதிகம். வர ஆறு வாரம். அதுவரை அந்தக் கதவின் குழாயை மட்டும் அடைத்து வைத்து ஓட்டினேன். அந்தக் கதவைக் கையால்தான் பூட்ட வேண்டும், மற்றபடி எல்லாம் சரி.

மற்ற சில்லறை வேலைகளை நீட்டவில்லை. சீட்டுக்குள்ளிருந்து கொட்டிய நாருக்குப் பதில் மெத்தைக் கடையில் ரப்பர் பூசிய தேங்காய் நார் வாங்கி அடைத்தேன். பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் கார்டன் ஷாஃப்டில் ரப்பர் கப்ளிங் மாற்றியதில் அதிர்வு போனது.   பெரிய செலவு அப்போது வரவில்லை. ஆர்.சி. 2026 வரை என்று இருந்தது. 15 வருடம் தாண்டிய இறக்குமதிக் காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 40,000 ஆக்கியிருந்தார்கள். வீட்டில் இதைச் சொல்லவில்லை.

பிப்ரவரிக் கடைசியில் பார்சல் வந்தது. புது யூனிட்டை மாட்டி, எல்லாக் கதவையும் சேர்த்து அளந்தேன். பத்து நிமிஷம் கழித்தும் முள் இருந்த இடத்திலேயே இருந்தது. முதல் வேலையாக அதே பங்க்குக்குப் போனேன். அதே பையன். சாவியைத் திருப்பினேன், இன்ஜின் நின்றது. அவனைப் பார்த்தேன், அவன் கண்டுகொள்ளவே இல்லை. டீசல் மூடியைத் திறக்கப் பின்னால் போனவன், “சார், திறக்க மாட்டேங்குது” என்றான்.

டீசல் மூடிக்கும் அதே லாக்தான். வேக்கம் சரியில்லாத காலத்தில் அதன் ஊசி வெளியே நீளவே இல்லை. இப்போது நல்ல வேக்கம் வந்ததும் முதல் தடவையாகப் பூட்டிக்கொண்டு, துருவில் அங்கேயே சிக்கிவிட்டது. டிக்கியின் வலது ஓர அட்டையைக் கழற்றிக் கையால் இழுத்துவிட வேண்டும். டிக்கியில் மனைவி அன்று காலை ரேஷன் கடையில் வாங்கிய அரிசி மூட்டை. பின்னால் லாரி ஹாரன் அடித்தது. நான் மூட்டையை இறக்க ஆரம்பித்தேன்.