தக்காளி சுட்ட ஞாயிற்றுக்கிழமை

மெக்சிகோவில் சல்சா என்ற காரமான சாஸுக்குத் தக்காளியையும் மிளகாயையும் கோமால் என்ற தட்டைக் கல்லில் சுட்டு, மொல்காஹேத்தே என்ற எரிமலைக்கல் உரலில் நசுக்குவார்கள். மயிலாப்பூரில் எங்கள் வீட்டுத் தோசைக்கல்லும், அம்மா இஞ்சி இடிக்கும் சின்ன உரலும் போதுமாக இருந்தன. நாலு நாட்டுத் தக்காளி, மூன்று பச்சை மிளகாய், தோலோடு இரண்டு பல் பூண்டு. தக்காளித் தோல் கருகி வெடித்து, சாறு கல்லில் சொய்யென்று விழும்வரை பொறுமை வேண்டும். அந்தக் கருகல்தான் ருசியே! மிக்ஸியில் அரைத்தால் சட்னியாகிவிடும். அப்புறம் உப்பு, பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி, அரை மூடி எலுமிச்சை.

பிறகு ஆம்லெட்டுக்கு மூன்று முட்டையை அடித்து ஊற்றி, மேலே ஈரம் காயும்முன் சீஸ் துருவி மடித்தேன். சல்சாவை உள்ளே வைக்காதீர்கள், நீர் விட்டுக்கொள்ளும், மேலே ஊற்றுங்கள்.

அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் ஒரு மிளகாய் போட்டிருக்கலாம்டா" என்றாள்.