பி. ஜெயஸ்ரீயின் குரல்

கன்னட மேடையில் பி. ஜெயஸ்ரீ பாடிக் கேட்காதவர்கள் ஒருமுறை கேளுங்கள். கொஞ்சம் கரகரத்த, கனமான, திறந்த தொண்டைக் குரல்.

1950-ல் பெங்களூரில் பிறந்தவர். கன்னடக் கம்பெனி நாடகத்தில் பெரிய பேரான குப்பி வீரண்ணாவின் பேத்தி. மைக் வராத காலத்துக் கம்பெனி நாடகப் பாணி அந்தக் குடும்பத்துச் சொத்து. கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்றால் கத்தினால் போதாது. மூச்சு அடிவயிற்றிலிருந்து வரவேண்டும், வரியின் கடைசி எழுத்தை விழுங்கக் கூடாது. புதிதாகப் பாடுகிறவர்கள் சறுக்குவதே அங்கேதான். முதல் சொல்லிலேயே மூச்சைக் கொட்டிவிட்டு முடிவில் காற்றாகிப் போவார்கள். தொண்டையை இறுக்கிச் சமாளித்தால் இரண்டாம் நாளே குரல் கட்டிவிடும்.

1973-ல் டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் படிப்பை முடித்தார், 1976-ல் ‘ஸ்பந்தனா’ நாடகக் குழுவைத் தொடங்கினார். நாட்டார் கதையை எடுத்து ‘லட்சாபதி ராஜன கதெ’ நாடகம் செய்தார். ‘சதாரமெ’ நாடகத்தில் தாத்தா பேர் வாங்கிய கள்ளன் வேடத்தை இவரே போட்டார். ஒரு பெண் அந்த வேடத்தைப் போட்டுச் சிரிக்க வைப்பது லேசில்லை. குரலைத் தடிப்பாக்கினால் மட்டும் ஆண் வந்துவிட மாட்டான், நடையும் தாளமும் மாறவேண்டும்.

நடுவில் கதாநாயகிகளுக்கு டப்பிங், சினிமாப் பாட்டு. 2001-ல் ‘கார் கார்’ பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. 2010-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினர், 2013-ல் பத்மஸ்ரீ. எனக்கு இதையெல்லாம்விட அந்தக் கள்ளன்தான் பெரிசு.