"என்ன சொல்றாருங்க தம்பி?"

அந்தப் பெரியவர் கேட்டதும் நான் பதில் சொன்னதும் சேர்ந்து ஐந்து வினாடிகூட இருக்காது. எட்டு மாதமாக அதையே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் சர்வராக இருக்கும் வட இந்திய ஹோட்டலுக்கு வந்திருந்தார், சேலம் செவ்வாய்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். கூடவே காலேஜ் படிக்கிற பையன், அப்புறம் ராஜஸ்தானில் இருந்து வந்த ஒரு வியாபாரி. வெள்ளி கிலோ லட்சத்தைத் தாண்டி, பட்டறைகளில் ஆர்டர் குறைந்துபோன சமயம். இந்த ஒரு ஆளை எப்படியாவது குளிரவைத்து அனுப்ப வேண்டும் என்பது பெரியவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. மெனு கார்டைத் திறந்தார், விலைப் பக்கம் கண் போனது, மூடி என் கையில் கொடுத்துவிட்டார். "நீங்களே பாத்துச் சொல்லுங்க. அவருக்கு அவங்க ஊர்ச் சாப்பாடு மாதிரியே இருக்கணும்."

புனேயில் ஆறு வருடம் இருந்ததால் எனக்கு இந்தி வரும். அவர்களுக்குள் கால்குலேட்டரும் பத்து வார்த்தையும்தான். வியாபாரியிடம் கேட்டேன். மூன்று நாளாக அலைச்சல், வயிறு சரியில்லை, அரிசியும் பருப்பும் குழைய வேகவைத்த கிச்சடி இருந்தால் போதும், இல்லாவிட்டால் உங்கள் ஊர்த் தயிர்சாதம் என்றார். அப்போதுதான் பெரியவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நல்லதா பாத்துக் கொண்டுவரச் சொல்றாருங்க."

கிச்சடி எங்கள் மெனுவில் கிடையாது. ஆனால் தால் தட்காவுக்கு வேகவைத்த பருப்பு எப்போதும் இருக்கும், சோறும் இருக்கும், உள்ளே சொன்னால் கால் மணி நேர வேலை. தலைக்கு எவ்வளவு பில் ஆயிற்று என்று ராத்திரி கணக்கு பார்க்கிற மேனேஜர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார், அவ்வளவுதான். சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என்று 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னதிலிருந்து எங்களுக்கு டிப்ஸ்தான் கதி, பில் பெரிதானால் டிப்ஸும் பெரிதாகும். அந்த ஐந்து வினாடியில் இதெல்லாம் நினைத்தேனா? நினைக்கவில்லை. நினைக்காமலேயே வாய் சொல்லிவிட்டது என்பதுதான் உறுத்துகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆசையாக இங்கே கூட்டிவந்த விருந்தாளிக்குத் தயிர்சாதம் போட்டு அனுப்பியிருந்தால் பெரியவருக்கு எப்படி இருந்திருக்கும்? நாளைக்கு ஆர்டர் கை நழுவினால் அந்தத் தயிர்சாதம்தான் காரணம் என்று நினைத்திருப்பாரே. கூட வேலை செய்கிறவனும் இதையேதான் சொன்னான். அவன் சொன்னபோது மட்டும் சப்பைக்கட்டாகப் பட்டது.

பனீர் டிக்கா, மலாய் கோஃப்தா, கார்லிக் நான், எல்லாம் ஃபுல். மூன்று பேருக்கு ஹாஃப் போதும் என்றாவது சொல்லியிருக்கலாம். தால் மக்னி வந்ததும் பெரியவர் கிண்ணத்தை எட்டிப்பார்த்து, "கருப்பு உளுந்துங்களா இது?" என்றார். ஆமாங்க, முழு உளுந்தும் கொஞ்சம் ராஜ்மாவும் ராத்திரி பூரா தந்தூர் சூட்டிலேயே வெந்தது, மேலே வெண்ணெயும் கிரீமும் என்று வழக்கமான பாட்டைப் பாடினேன். "நாங்க இதுல களி கிண்டுவோம்" என்று சிரித்துக்கொண்டே வியாபாரி தட்டில் தானே இரண்டு கரண்டி ஊற்றினார். அந்த மனிதர் ஒரு தரம் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தண்ணீர் ஊற்றக் குனிந்துகொண்டேன். மறுக்காமல் சாப்பிட்டார்.

ஐந்து சதவீத ஜிஎஸ்டியோடு 3,800 சொச்சம். பெரியவர் நோட்டுகளை இரண்டு தரம் எண்ணி வைத்தார், எனக்குத் தனியாக 200. "நல்லா கவனிச்சீங்க தம்பி."

வாசலில் காரில் ஏறப்போன வியாபாரி திரும்பிவந்து, இந்த நேரத்தில் தயிர் எங்கே கிடைக்கும் என்று இந்தியில் கேட்டார். ஆவின் பூத்துக்கு வழி சொன்னேன்.

"என்ன சொல்றாருங்க தம்பி?"

டிப்ஸ் ஏற்கெனவே பாக்கெட்டில் இருந்தது. இனி யாருக்கும் பொய் சொல்ல வேண்டிய தேவை எனக்கு இல்லை.

"சாப்பாடு பிரமாதம்னு சொல்றாருங்க" என்றேன்.