கடற்புல் தொட்டியில் ஊற்றிய இரண்டு வாளி

நான்கு வாரம் தொட்டியைக் கவனிக்க முடியவில்லை. 120 லிட்டர் தொட்டியில் 24 லிட்டர் ஆவியாகிப் போயிருந்தது. நீர்தான் போகும், உப்பு அப்படியே தங்கிவிடும். அளந்து பார்த்தால் லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 44ஐத் தொட்டிருந்தது. ஆனால் நான் வளர்த்த ஹாலொடூலே என்ற கடற்புல் பச்சையாகத்தான் நின்றது. பதறிப்போய் இரண்டு வாளி நன்னீரை ஒரே மூச்சில் ஊற்றிச் சரிசெய்தேன். அதற்கப்புறம்தான் இலைகள் துவண்டு உதிரத் தொடங்கின.

அன்று எனக்கு உறைத்தது இதுதான்: எவ்வளவு மாறுகிறது என்பதோடு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதையும் புல் கணக்கில் வைக்கிறது. வெளியே உப்பு மெல்ல ஏறும்போது, சோடியத்தைச் செல்லின் நடுவில் உள்ள நீர்ப்பையில் அடைத்து வைக்கிறது. மிச்சப் பகுதியில் புரோலின் என்ற அமினோ அமிலம், சர்க்கரை போன்றவற்றைச் சேர்த்து ஈடுகட்டுகிறது. அதற்கு நாளும் பிடிக்கும், ஒளிச்சேர்க்கையில் சம்பாதித்ததும் செலவாகும். அப்படிச் சேர்த்து வைத்த நிலையில் திடீரென நன்னீர் வந்தால், நீர் செல்லுக்குள் பாய்ந்து அதை உப்பச் செய்கிறது. சேர்த்ததை அவ்வளவு சீக்கிரம் இறக்கி வைக்க அதனால் முடிவதில்லை.

எல்லாப் புல்லும் ஒன்றல்ல. மத்தியதரைக் கடலின் பொசிடோனியா ஓசியானிகா, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளின் கழிவு உப்புநீரில் சிறிது ஏற்றத்துக்கே வாடுகிறது. சோஸ்டெரா மரினாவோ பால்டிக் கடலில் லிட்டருக்கு ஐந்தாறு கிராம் உப்பிலும் வாழ்கிறது.

அந்தத் தாங்கும் திறன்தான் அதை ஒருமுறை காப்பாற்றியது. 1930களில் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் லாபிரிந்துலா என்ற நுண்ணுயிரால் வந்த நோய், சோஸ்டெரா படுகைகளில் பெரும்பகுதியை அழித்தது. உப்புக் குறைந்த கழிமுகங்களில் அந்த நுண்ணுயிர் தழைக்கவில்லை. அங்கே இருந்த புல் பிழைத்தது. ஆனால் வட அமெரிக்கக் கரையில் அதே புல்லின் இலையை மட்டுமே நம்பி வாழ்ந்த லோட்டியா அல்வியஸ் என்ற சின்ன நத்தைக்கு உப்புக் குறைந்த நீர் ஆகாது. அது அடியோடு அற்றுப்போனது. இதை முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் தொட்டியில் மண்ணுக்குள் இருந்த தண்டு சாகவில்லை. இப்போது தினமும் ஒரு குவளை நன்னீர், அவ்வளவுதான். நேற்று இரண்டு புதுக் குருத்துகள் எண்ணினேன்.