எல்ஐசி பத்திரங்களுக்கு நடுவே ஓர் அடகுச் சீட்டு

சென்ற ஆண்டு ஆவணியில், என் சித்தி மகளின் திருமணத்திற்கு முந்தைய இரவு, பீரோவின் உள்ளறையில் இருந்த நகைப்பெட்டியைத் திறந்தபோது என் 5 சவரன் ஆரத்தைக் காணவில்லை. தேடியதில், கணவருடைய எல்ஐசி பத்திரங்களுக்கு நடுவே நான்காக மடித்த அடகுச் சீட்டு அகப்பட்டது. நகையை வைத்து 9 மாதங்கள் ஆகியிருந்தன. இடையில் என் தங்கையின் வளைகாப்பு வந்தது, ஆரத்தைப் போட்டுக்கொள்ளவில்லையா என்று அம்மா கேட்டபோது, “இந்த வெயிலில் எதற்கு அத்தை?” என்று என்னை முந்திக்கொண்டு பதில் சொன்னவர் அவர்தான். நகை போனதைவிட அந்த ஒரு வாக்கியம்தான் என்னை அதிகம் வருத்தியது, இன்றும் வருத்துகிறது.

அன்றே கேட்டேன். “அவசரத் தேவை, மீட்டுவிடலாம் என்று இருந்தேன்” என்றார். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

சீதனம் மனைவிக்கு மட்டுமே உரிய சொத்து, கணவருக்கு அதில் கூட்டுரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லியிருப்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் சட்டத்தை நாடவில்லை. அவர் உறங்கிய பிறகு அவருடைய கைபேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கினேன். பேச்சைப் பதிவு செய்து வைத்துக்கொள் என்று உறவினர் ஒருவர் யோசனையும் சொன்னார். மனைவியின் அழைப்பு விவரங்களைக் கணவர் இரகசியமாக எடுத்த வழக்கில், தம்பதியருக்கு இடையிலும் அந்தரங்க உரிமை உண்டு என்று கூறி அவற்றை ஏற்க மறுத்தது 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. வேறொரு வழக்கில், அப்படிப் பதிவு செய்த உரையாடலைச் சான்றாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் நிலைக்குத் திருமணம் வந்துவிட்டதென்றால், அதுவே உறவு முறிந்ததற்கு அறிகுறி என்றும் அதில் குறிப்பிட்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது அவருடைய கைபேசி என் மடியில் இருந்தது.

தை மாதத்தில் ஒரு ஞாயிறன்று நானே சொன்னேன்: “நான்கு மாதங்களாக உங்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.” கோபப்படுவார் என்று நினைத்தேன். வெகுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தவர், ஆரத்தை அடகு வைத்தது தம்பியின் கடைக் கடனுக்காக என்றும், மாதந்தோறும் 8,000 ரூபாயை அவரிடம் கையில் கொடுத்து வருவதாகவும் சொன்னார். கைபேசியில் எத்தனை இரவு தேடியிருந்தாலும் அது எனக்குக் கிடைத்திருக்காது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே என்று அதுவரை எல்லோரிடமும் சொல்லி வந்தேன். உண்மையில் அவருடைய தம்பிக்கு என்றால் கொடுத்திருக்க மாட்டேன். அதை அவர் அறிந்தே இருந்தார், நானும் அன்று ஒப்புக்கொண்டேன்.

ஆரம் இன்னும் மீளவில்லை. சென்ற வாரம் வட்டி கட்ட இருவருமாகப் போனோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். இன்றும் தனித்தனி அறையில்தான் உறங்குகிறோம், கதவுகளைத் தாழிடுவதில்லை.