மூன்றாவது கேஸ் லைட்டு: இந்த முறை பாலிஷ் போடவில்லை

போன மாதம் ஈப்போ பாசார் காராட்டில் (பழைய சாமான் சந்தை) 70 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கிய பெட்ரோமாக்ஸ், அதாவது காற்றடித்து ஏற்றும் மண்ணெண்ணெய் விளக்கு, நேற்று ராத்திரி வெளிச்சம் கொடுத்தது. சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு அஞ்சடியில் (முன்தாழ்வாரம்) வைத்துத்தான் ஏற்றினேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்து சுற்றி நின்றார்கள்.

இது என்னிடம் சேர்ந்த மூன்றாவது விளக்கு. முதலாவதை நினைத்தால் இன்னும் மனசு கேட்பதில்லை. அதை முலாம் பூசும் கடைக்குக் கொடுத்தேன். கண்ணாடி மாதிரி திரும்பி வந்தது, ஆனால் தொட்டியில் அச்சடித்திருந்த பெயரும் ஊரும் மெஷின் தேய்ப்பில் மழுங்கிப் போயிருந்தன. எந்தக் காலத்து விளக்கு என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பெட்ரோமாக்ஸ் பெர்லினில் மாக்ஸ் கிராட்ஸ் கம்பெனியில் பிறந்தது. போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனியின் ஆல்டெனாவில் செய்தார்கள். ‘வெஸ்ட் ஜெர்மனி’ என்று அச்சு இருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அந்த ஒரு வரியைத்தான் நான் காசு கொடுத்து அழித்துவிட்டேன்.

இரண்டாவது, பட்டர்ஃபிளை என்ற பிராண்டு விளக்கு. பழைய இரும்புக் கடையில் கிடைத்தது, பெரிய வேலை வைக்கவில்லை.

மூன்றாவது வந்தபோது முழுக்கக் கரி. கண்ணாடி இல்லை, பம்பு இறுகிக் கிடந்தது, தொட்டியின் ஒரு பக்கம் கட்டைவிரல் அளவுக்குக் குழி. திறந்தால் உள்ளே பழைய மண்ணெண்ணெய் பிசினாகி ஒட்டியிருந்தது. ஸ்பிரிட் ஊற்றி, ஒரு பிடி அரிசியையும் போட்டுக் குலுக்கினேன். அம்மா போத்தல் கழுவுகிற முறைதான். மூன்று தடவை குலுக்கிக் கொட்டியதும் அரிசி வெள்ளையாகவே வெளியே வந்தது.

வெளிப்பக்கத்துக்குப் புளி. கரைத்துத் தடவி, பத்து நிமிடம் விட்டு, துணியால் துடைத்தால் போதும். பட்டர்ஃபிளையில் ஒரு பித்தளைப் பாகத்தை ராத்திரி முழுக்க வினிகரில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் ரோஸ் நிறமாகிக் கிடந்தது. பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும். புளிப்பில் ஊறினால் துத்தநாகம் முதலில் கரைந்து, மேலே செம்பு மட்டும் நிற்கும். அதனால் இந்த முறை கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

தொட்டியின் கழுத்துக்குக் கீழே துடைக்கும்போது விரலில் என்னவோ நெருடியது. துரு என்றுதான் முதலில் நினைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் சின்னச் சின்னப் புள்ளிகள். குண்டானிலும் தாம்பாளத்திலும் உளியால் தட்டிப் பெயர் வெட்டுவார்களே, அதே வெட்டு. ‘மாரியம்மன் கோயில் உபயம்’. அதற்கடுத்து ‘3ம் லயம்’. ‘ம்’மின் புள்ளி மட்டும் ஆழமாக இறங்கியிருக்கிறது. வெட்டியவர் அந்த ஒரு அடியை ஓங்கி அடித்திருக்கிறார். எந்தத் தோட்டம் என்று இல்லை. ஆனால் ஒரு லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஆட்கள் சேர்ந்து சம்பளத்தில் காசு போட்டு அம்மனுக்கு வாங்கிக் கொடுத்த விளக்கு இது. மெஷினில் கொடுத்திருந்தால் இதுவும் போயிருக்கும்.

அதோடு முடிவு செய்துவிட்டேன்: முலாம் வேண்டாம், இரும்புப் பஞ்சு வேண்டாம், மெஷின் வேண்டாம். நிக்கல் உரிந்து பித்தளை தெரிகிற இடம் அப்படியே இருக்கட்டும். அது தூக்கிப் பிடித்த கைகள் தேய்த்த இடம். குழியையும் எடுக்கவில்லை. உள்ளே காற்றழுத்தம் ஏறுகிற தொட்டி, தட்டி நிமிர்த்தப் போய் இணைப்பு விரிசல் விட்டால் ஆபத்து.

எரிவதற்கு வேண்டிய பாகங்களை மட்டும் தாராளமாக மாற்றினேன். பம்பின் தோல் வாஷர் அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது. இரண்டு நாள் எண்ணெயில் ஊறவைத்து விளிம்பை விரலால் விரித்துவிட்டதும் பழையபடி காற்றைப் பிடித்தது. பம்பின் அடியில் காற்றைத் திரும்ப விடாத வால்வு ஒன்று உண்டு, அதன் நுனியில் மிளகளவு ரப்பர். சைக்கிள் டியூபில் வெட்டிப் போட்டேன். ஒரு வாரத்தில் ஊதிப்போய் வழியை அடைத்துக்கொண்டது. பால்மரத்து ரப்பருக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஆகாது, எண்ணெயைக் குடித்து ஊதிவிடும். கித்தா (ரப்பர்) தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது முன்னமே தோன்றியிருக்க வேண்டும். அப்புறம் மோட்டார் கடையில் பெட்ரோல் தாங்கும் நைட்ரைல் ரப்பர் வாங்கி வெட்டிப் போட்டேன். இதுவரை அசையவில்லை.

கசிவு பார்க்க, காலித் தொட்டியில் காற்றடித்து வாளித் தண்ணீரில் முக்கினேன். அழுத்தமானி மூடியில் ஒரே வரிசையாகக் குமிழி. மூடிக்கு ஈய வாஷர் போட்டதும் நின்றது. இந்தச் சோதனை முடியாமல் தீக்குச்சியைத் தொடவே கூடாது. பெட்ரோல் ஊற்றிப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது, வெடித்துவிடும். மண்ணெண்ணெய் மட்டும்தான்.

ஏற்றுவதற்குப் பின்வீட்டுப் பெரியப்பாவைக் கூப்பிட்டேன். தோட்டத்துத் திருவிழாவில் சாமி ஊர்வலத்துக்கு லைட்டு ஏற்றியவர் அவர்தான். நான் ஸ்பிரிட் ஒரு கிண்ணம் எரிந்ததும் குழாயைத் திறக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார்.

“அவசரப்படாதய்யா. இன்னொரு தடவை ஊத்து. குழாய் நல்லா சூடேறலன்னா எண்ணெய் ஆவியாகாது, நெருப்புதான் கக்கும்.”

இரண்டாவது கிண்ணம் அணையப் போகும் நேரத்தில் திறக்கச் சொன்னார். புது மேன்டில் (வெளிச்சம் தரும் வலைத்துணிப் பை) கறுத்து, சுருங்கி, பின் வெள்ளையாகி, உஸ் என்று பிடித்துக்கொண்டது. அப்போது அங்கே துணி கிடையாது, வெறும் ஆக்சைடு சாம்பல் கூடு. விரல் பட்டால் உதிர்ந்துவிடும். பழைய மேன்டில்களில் தோரியம் உண்டு, லேசான கதிர்வீச்சுள்ள பொருள். அதனால் உதிர்ந்த தூளை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

அழுத்தமானி முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழேயே நிற்க, இரண்டு மணி நேரம் எரிந்தது. பெரியப்பா குனிந்து வெட்டெழுத்தை வாய்விட்டுப் படித்தார். பிறகு நாற்காலியை விளக்குப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

இதற்கென்று ஒரு பழைய கண்ணாடி இன்னும் கிடைக்கவில்லை. இப்போதைக்குப் பட்டர்ஃபிளையுடையதைக் கழற்றி மாட்டியிருக்கிறேன். அளவு சரியாக இருக்கிறது.